"அதுக்கு இங்கே வசதி இல்லையே": டெல்லி பிரின்சிபால்கள் சொல்வதும் சட்டம் சொல்வதும்

டெல்லியில் நர்சரி அட்மிஷன் தொடங்கிவிட்டால் மயூர் விஹார், ஆர்.கே.புரம், ஜனக்புரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு கேள்வி சுற்றி வரும். குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார், அல்லது காதில் கருவி பொருத்தியிருக்கும், அல்லது மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பள்ளியில் போய்க் கேட்டால் பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசுகிறார். கடைசியில், "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதற்கான வசதி இங்கே இல்லையே" என்று முடிக்கிறார்.

செய்தித்தாள் வேறு மாதிரி சொல்கிறது. மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கு எல்லாப் பள்ளிகளிலும் இடம் உண்டு என்கிறது சட்டம். சிறப்பாசிரியர் பணியிடங்கள் எத்தனை என்று ஒவ்வொரு மாநிலமும் அறிவித்தாக வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியானால் பிரின்சிபால் சொல்வது சட்ட மீறலா, உள்ளபடியான நிலவரமா? பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். எது எந்த அளவுக்கு என்று பிரித்துப் பார்க்க, கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

1. உள்ளடங்கிய கல்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதற்கு இரண்டு பாகமாக விளக்கம் தருகிறது. குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது முதல் பாகம். அதற்கேற்ப கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்வது இரண்டாவது. குழந்தையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வழக்கம்போலப் பாடம் நடத்தினால் முதல் பாகம் மட்டும்தான் நடக்கிறது.

2. குறைபாடு, 40 சதவீதக் குறைபாடு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. 2016 சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. இவற்றுள் ஏதாவது ஒன்று 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் பெற்றவர்களுக்குக் கூடுதல் உரிமைகள் உண்டு. 40க்குக் கீழே இருந்தால் உரிமையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்வது, தேவையான ஏற்பாடு செய்து தருவது ஆகியவற்றுக்குச் சட்டத்தில் சதவீத வரம்பு இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரைப் பெற 40 சதவீதச் சான்றிதழ் இருந்தே தீர வேண்டியதில்லை என்று தெளிவாகவே சொன்னது.

3. நியாயமான ஏற்பாடு. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்காகப் பள்ளி செய்து தரும் மாற்றம் இது: வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, பெரிய எழுத்தில் வினாத்தாள் தருவது, கூடுதல் நேரம் தருவது போன்றவை. தாங்க முடியாத சுமையாக இருக்கக் கூடாது என்று சட்டம் ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. வாதங்கள் பெரும்பாலும் இந்த வரம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

4. சிறப்பாசிரியர். டெல்லியில் எல்லோரும் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்றே சொல்கிறார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவு எண் வாங்கியவர். பார்வை, செவி, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று படிப்பே பிரிவு பிரிவாக இருக்கிறது. ஆகவே "எங்களிடம் ஒருவர் இருக்கிறார்" என்று பள்ளி சொன்னால், அவர் எந்தப் பிரிவில் படித்தவர் என்பது அடுத்த கேள்வி. செவித்திறன் பிரிவில் படித்தவரிடம் பிரெயில் எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம், குழந்தைக்கும் கஷ்டம்.

5. தனிநபர் கல்வித் திட்டம். ஐஇபி என்பார்கள். இந்த ஆண்டு இந்தக் குழந்தை எதைக் கற்க வேண்டும், யார் சொல்லித் தருவார்கள், எப்போது சரிபார்ப்பது என்று எழுதி வைக்கும் தாள்.

## சட்டம் எங்கே நிற்கிறது

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி, சேர்க்கையில் வடிகட்டும் தேர்வு கூடாது, எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது ஆகியவை இதில் உள்ளன. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிவுற்ற, பின்தங்கிய பிரிவுகளுக்கு. 2012 திருத்தம் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளையும் பின்தங்கிய பிரிவில் சேர்த்தது. டெல்லியில் அந்த 25 சதவீதத்துக்குள், மொத்த இடங்களில் 3 சதவீதம் இவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டு, கல்வி இயக்குநரகத்தின் கணினிக் குலுக்கலில் நிரப்பப்படுகிறது.

அதே திருத்தம், கடுமையான அல்லது பலவகைக் குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்தத் தேர்வு குடும்பத்துடையது. "வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுங்களேன்" என்று பள்ளி சொல்வதற்கு அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் அகலமானது. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிகளையும் இது தொடுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. 40 சதவீதச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையும் இந்தச் சட்டத்தில்தான் வருகிறது.

டெல்லிக்கென்று தனியாக நீதிமன்ற வரலாறு ஒன்றும் உண்டு. 2012 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அரசு உதவி பெறும் பள்ளிகளும் உதவி பெறாத தனியார் பள்ளிகளும் சிறப்பாசிரியரை நியமிக்க வேண்டும், கட்டடங்களைத் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடு முழுவதற்குமான வழக்கு ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு. அதில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை அறிவிக்கச் சொன்னது. அதற்குப் பிறகு 2022இல் மத்திய அரசு அறிவித்த விகிதம் இது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டு வரை 15 பேருக்கு ஒருவர். விகிதம் வந்தது, பணியிடம் வரவில்லை என்பதால்தான் 2025 உத்தரவு தேவைப்பட்டது.

## பிரின்சிபால்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்

பள்ளித் தலைவர்களின் மனநிலையைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2003இல் அமெரிக்காவில் வெளியானது. 408 தொடக்கப்பள்ளித் தலைவர்களிடம் கேட்டார்கள். ஐந்தில் ஒருவர்தான் உள்ளடங்கிய கல்வியைத் தெளிவாக ஆதரித்தார். அதற்காக மற்ற நால்வரும் எதிர்ப்பாளர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலானோர் நிச்சயமில்லாமல் இருந்தார்கள். யாருக்கு ஆதரவு மனநிலை இருந்தது என்று பார்த்தால், மாற்றுத்திறனுள்ள மாணவர்களோடு நல்ல அனுபவம் இருந்தவர்களுக்கும், சிறப்புக் கல்வியைப் பற்றிப் பயிற்சியில் படித்தவர்களுக்கும்தான். மும்பை ஆசிரியர்களிடம் 2006இல் வெளியான ஆய்வும் அந்தப் பக்கமே கை காட்டியது. மாற்றுத்திறனாளி ஒருவரை முன்பே அறிந்திருந்த ஆசிரியர்களின் மனப்பான்மை மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தது.

டெல்லி ஆசிரியர்களைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில் இரண்டு எண்கள் முக்கியம். ஏறக்குறைய 70 சதவீத ஆசிரியர்களுக்குச் சிறப்புக் கல்விப் பயிற்சியும் இல்லை, அத்தகைய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவமும் இல்லை. 87 சதவீதம் பேருக்கு வகுப்பில் உதவிச் சேவை எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட ஆசிரியர் குழுவை வைத்துக்கொண்டிருக்கும் பிரின்சிபாலிடம் உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், அவர் தன் பள்ளியின் நிலவரத்தைத்தான் கருத்தாகச் சொல்வார். அதனால்தான் பிரின்சிபால்களின் மனதை மாற்ற வேண்டும் என்ற பேச்சில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கூட்டம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, விழிப்புணர்வு வாரம் கொண்டாடி வருகிற மாற்றத்தைவிட, ஒரு பணியிடம் நிரம்பி ஒரு குழந்தை அந்தப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தால் வருகிற மாற்றம் அதிகம்.

எல்லாக் குறைபாட்டையும் அவர்கள் ஒரே மாதிரி பார்ப்பதும் இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஒரு முறை கட்டினால் போதும். பார்வைக் குறைபாட்டுக்கு என்ன செய்வது என்று ஓரளவு தெரியும். அறிவுசார் குறைபாடு என்றால் தயக்கம் கூடுகிறது. வகுப்பில் எழுந்து ஓடும், கத்தும், தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளை என்றால் தயக்கம் உச்சத்துக்குப் போகிறது. பல நாட்டு ஆய்வுகளிலும் ஏறக்குறைய இந்த வரிசைதான் வருகிறது. காரணம் எளிது: கடைசி வகைக்குத் தினமும், மணிக்கு மணி, ஆள் வேண்டும்.

பள்ளியின் வகையும் பதிலை மாற்றும்.

1. மாநகராட்சி, டெல்லி அரசுப் பள்ளிகள். மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்புவரை. அதன்பின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறுகிறார்கள். சிறப்பாசிரியரை நியமிப்பது பிரின்சிபாலின் கையில் இல்லை. அரசின் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் அனுப்ப வேண்டும். ஆள் வந்தாலும், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பும் பழக்கம் உண்டு. அரேஞ்ச்மென்ட் பீரியட் என்பார்கள்.

2. உதவி பெறும் பள்ளிகள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் இந்த வகை. அங்கீகரிக்கப்பட்ட செலவில் 95 சதவீதத்தை அரசு தருகிறது, மீதியை நிர்வாகம் போட வேண்டும். பணியிடத்தை அரசு ஒப்புக்கொண்டால்தான் சம்பளம் வரும். ஒப்புக்கொள்ளாத பணியிடத்துக்கு நிர்வாகமே முழுச் சம்பளமும் தேட வேண்டும். நடுவில் நிற்பவர் பிரின்சிபால்.

3. தனியார் பள்ளிகள். நியமிக்க அதிகாரமும் உண்டு, பெரும்பாலும் பணமும் உண்டு. இங்கே "வசதி இல்லை" என்பது அநேகமாக முடிவு, நிலவரம் அல்ல.

## வழக்கமான நாலு வாக்கியங்கள்

1. "வசதி இல்லை." சட்டம் இதை மறுப்புக்கான காரணமாக ஏற்பதில்லை. வசதி செய்வதையே கடமை என்கிறது. 2012 டெல்லி உத்தரவு, இத்தகைய குழந்தை யாரும் இல்லாத பள்ளி, குழந்தை சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் சிறப்பாசிரியர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்றது. அதாவது குழந்தை முதலில், ஆள் பிறகு. பல பிரின்சிபால்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்: ஆள் வரட்டும், பிறகு சேர்க்கலாம் என்று. குழந்தை இல்லாததால் பணியிடம் கேட்க முடியவில்லை, பணியிடம் இல்லாததால் குழந்தையைச் சேர்க்க முடியவில்லை என்று இது வருடக்கணக்கில் சுற்றும்.

2. "மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும், பெற்றோர் புகார் செய்கிறார்கள்." இதில் ஓரளவு உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. 45 பேர் இருக்கும் வகுப்பில், உதவியாளர் இல்லாத ஆசிரியர், ஒரு குழந்தையை அமைதிப்படுத்தப் பத்து நிமிடம் செலவிட்டால் மற்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் போகத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கு ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றியது. ஆள் இருக்கும் வகுப்பில் இந்தப் புகார் குறைகிறது. அடுத்த வீட்டுப் பெற்றோரின் புகார் ஒரு குழந்தையின் சேர்க்கையை ரத்து செய்யக் காரணமாகாது.

3. "ஷேடோ டீச்சரை நீங்களே கூட்டி வாருங்கள்." வகுப்பில் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் ஆளைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். தனியார் பள்ளிகளில் இப்போது இது மிகச் சாதாரணம். சம்பளம் பெற்றோர் தலையில். 2016 சட்டம் தனிப்பட்ட உதவி தருவதைப் பள்ளியின் கடமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் செலவைச் சேர்க்கைக்கு நிபந்தனையாகப் பெற்றோரிடம் தள்ளுவது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது. பெற்றோர் விரும்பி அனுப்புவது வேறு. இன்னொரு தொல்லையும் இதில் உண்டு. ஷேடோ டீச்சர் வந்த பிறகு வகுப்பு ஆசிரியர் அந்தக் குழந்தையின் பக்கமே திரும்புவதில்லை. வகுப்புக்குள்ளேயே தனி வகுப்பு நடக்கும். ஒரே அறையில் இருந்தும் பிள்ளை தனியாகவே படிக்கும்.

4. "சர்டிபிகேட் எங்கே?" ஒதுக்கீட்டு இடத்துக்கும் பொதுத்தேர்வுச் சலுகைக்கும் இது தேவை. சாதாரணச் சேர்க்கைக்கும் வகுப்பறை உதவிக்கும் தேவையில்லை. கற்றல் குறைபாட்டில் இன்னொரு சிக்கல்: மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 8 வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ். அதுவரை, அதாவது ஏறக்குறைய மூன்றாம் வகுப்புவரை, குழந்தையிடம் காகிதம் எதுவும் இருக்க முடியாது. அந்த வயதுக்குள்தான் உதவி அதிகம் பலிக்கும். கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சட்டம் பள்ளியிடமே கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடநூல் வெளியிடும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டி 2022இல் வெளியிட்ட பிரஷஸ்த் செயலி இதற்காகத்தான். முதல் கட்ட அறிகுறிப் பட்டியலை வகுப்பு ஆசிரியரே நிரப்பலாம்.

## தமிழ் வீடு, இந்தி வகுப்பு

டெல்லித் தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும். குழந்தை இந்தி எழுத்தில் தடுமாறினால், "நீங்கள் மதராஸி அல்லவா, போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆசிரியர் விட்டுவிடுவார். சில நேரம் அது சரியாகவே இருக்கும். சில நேரம் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் மூன்று வருடம் ஒளிந்துகொள்ளும். எதிர்ப்பக்கமும் நடக்கிறது: மொழி பழகாத குழந்தைக்குக் குறைபாடு என்று முத்திரை விழுகிறது.

பிரித்தறிய ஒரு வழி, குழந்தையைப் பல மொழிகளில் சோதிப்பது. ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பழக்கக் குறைவாக இருக்கலாம். கற்ற எல்லா மொழியிலும் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் தடுமாற்றம் என்றால் குறைபாடாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. டெல்லியை அடுத்த மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளுக்கென்று உருவாக்கிய டாலி என்ற சோதனைத் தொகுப்பு இந்தக் காரணத்துக்காகவே வந்தது. அது முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. தமிழ் அந்த நான்கில் இல்லை. ஆகவே டெல்லியில் தமிழ்க் குழந்தையைச் சோதிக்கும்போது, வீட்டில் எந்த மொழி, எந்த வயதில் இந்தி தொடங்கியது, தமிழ் எழுத்து கற்றதுண்டா என்பதைப் பெற்றோரே எழுதிக் கொடுப்பது நல்லது. சோதிப்பவர்கள் தாங்களாகக் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் மொழி விலக்கு. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு தரலாம் என்று 2016 சட்டமே சொல்கிறது. சிபிஎஸ்இயும் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு தருகிறது, பத்தாம் வகுப்பில் இரண்டுக்குப் பதில் ஒரு கட்டாய மொழியோடு எழுத அனுமதிக்கிறது. பிரின்சிபால் "எதை விடலாம்?" என்று கேட்கும்போது வீட்டில் பெரும்பாலும் முதலில் விழுவது தமிழ். தெருவுக்கு இந்தி வேண்டும், கல்லூரிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் விலக்கு எழுத்துப் பாடத்துக்கு மட்டும்தான். வீட்டில் தமிழ் பேசுவதையும் நிறுத்துங்கள், குழந்தை குழம்புகிறது என்று சில பள்ளிகள் சொல்கின்றன. அதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ டிஸ்லெக்சியாவோ மோசமாவதில்லை. தாத்தா பாட்டியோடு பேச இருக்கும் ஒரே மொழியைப் பறிப்பதுதான் மிச்சம்.

## ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது

மேலே சொன்னதெல்லாம் வந்து சேரும் இடம் எட்டாம் வகுப்பின் முடிவு. காரணங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் கூடுகின்றன.

1. கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 18 வயதுவரை நீளும் இலவசக் கல்வி உரிமை 40 சதவீதச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். ஆக, 30 அல்லது 35 சதவீதத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பாகுபாடு கூடாது, தேவையான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்ற பிரிவு மட்டுமே மிஞ்சுகிறது.

2. சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பில். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்தை வைத்துத்தான் பிரின்சிபாலைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். எத்தனை மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கடைசிவரை கொண்டுபோனீர்கள் என்று கேட்பது அரிது.

3. கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம், தேர்ச்சி பெறாதவரை ஐந்திலும் எட்டிலும் அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. வெளியேற்றத்தான் கூடாது, நிறுத்தலாம்.

இந்த இடத்தில் பிரின்சிபால் சொல்லும் ஆலோசனை, "என்ஐஓஎஸ்ஸில் எழுதவையுங்கள்." தேசியத் திறந்தநிலைப் பள்ளி மோசமான வழி கிடையாது. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் தருகிறது, பாடத் தேர்வில் தளர்வு உண்டு, சான்றிதழும் சிபிஎஸ்இக்கு இணையானது. சில பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் யாருக்குப் பொருத்தம் என்று பார்த்துச் சொல்வதும், பள்ளியின் சதவீதத்தைக் காப்பாற்றச் சொல்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு காண ஒரே கேள்வி போதும்: சிபிஎஸ்இயின் சலுகைகளைப் பள்ளி இந்தக் குழந்தைக்கு முயன்று பார்த்ததா?

அந்தச் சலுகைகள் சிறியவை அல்ல. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம். சொல்வதை எழுதுபவர், வினா வாசிப்பவர், தேவைப்பட்டால் கணினி. கடினமான பாடத்துக்கு மாற்றாக ஓவியம், இசை போன்ற பாடங்கள். எல்லாம் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி பதிவேற்றாவிட்டால் கிடைக்காது. 2021 நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதன் நுழைவுத்தேர்வு வடிவம். எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவிக்கு, நீட் தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியாததால் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது.

கடைசிவரை போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கு யுனெஸ்கோவின் 2019 இந்திய அறிக்கை ஒரு அளவு தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, 5 வயது மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை. 5 முதல் 19 வயதுவரை எடுத்தால் நான்கில் ஒருவர் இல்லை. பள்ளி வாசலில் சொல்லப்படும் "வசதி இல்லையே" இந்த முதல் எண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

## பெற்றோர் கையில் இருப்பவை

1. சேர்க்கை கேட்பதை வாய்ப்பேச்சாக விடாமல் விண்ணப்பமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். பாதி மறுப்புகள் எழுதும் கட்டத்தில் தளர்ந்துவிடும்.

2. பிரின்சிபாலிடம் "ஏன் முடியாது" என்று கேட்பதைவிட, "சிறப்பாசிரியர் பணியிடம் கேட்டு இயக்குநரகத்துக்கு எழுதியிருக்கிறீர்களா, எங்கள் விண்ணப்பத்தைச் சேர்த்து அனுப்ப முடியுமா" என்று கேட்பது அரசு, உதவி பெறும் பள்ளிகளில் அதிகம் வேலை செய்யும். அவருக்கும் கோப்பில் ஒரு காரணம் கிடைக்கிறது.

3. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் உதவித்தொகை தனி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதைப் பெறப் பெயர் பதிவாக வேண்டும், பதிவான பெயர்களின் எண்ணிக்கையில்தான் 10க்கு ஒருவர் என்ற விகிதமும் கணக்கிடப்படும். ஊர் வாய்க்குப் பயந்து குழந்தையின் பெயரைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

4. தீராவிட்டால் மண்டலக் கல்வித் துணை இயக்குநர், அதற்கு மேல் டெல்லி மாற்றுத்திறனாளிகள் ஆணையர். 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் உண்டு. சேர்க்கையில் குழந்தையைச் சோதித்து வடிகட்டினால் கல்வி உரிமைச் சட்டத்தில் முதல் முறைக்கு 25,000 வரை தனி அபராதம்.

5. சிறப்பாசிரியர் இருக்கிறார் என்று பள்ளி சொன்னால் அவருடைய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண், படித்த பிரிவு, வாரத்தில் எத்தனை பீரியட் இந்தக் குழந்தையோடு என்ற மூன்றையும் ஐஇபி தாளில் எழுதச் சொல்லுங்கள்.

6. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் 14 வயதில் மீண்டும் சோதிக்கச் சொன்னது. ஒன்பதாம் வகுப்புப் பதிவும் ஏறக்குறைய அதே வயதில்தான் வரும். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை ஒரே நாளில் முடிவதில்லை. எட்டாம் வகுப்பு தொடங்கும்போதே தேதி வாங்கிவைத்தால், பதிவின்போது பள்ளி பழைய காகிதத்தைக் காட்டித் தள்ளிப்போட முடியாது.